புழக்கடையில் ஒரு கீரைப் பாத்தி: சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் வீட்டுத் தோட்டம்

ஆந்திரப் பிரதேசத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டையும் கர்நாடகத்தையும் தொட்டுக்கொண்டு அமைந்துள்ள சித்தூர் வட்டாரம் காய்கறி விளைச்சலுக்குப் பெயர் பெற்றது. இங்குள்ள மதனப்பள்ளிச் சந்தை, நாட்டின் மிகப் பெரிய தக்காளிச் சந்தைகளுள் ஒன்றாகும். விளைச்சல் மிகும் மாதங்களில் கிலோ ஒன்றுக்குச் சில ரூபாய் கூடக் கிடைக்காமல் உழவர்கள் தக்காளியைச் சாலையோரம் கொட்டிவிட்டுச் செல்வதுண்டு. அதே சந்தையில் 2023-ஆம் ஆண்டு ஜூலை மாதம் தக்காளி விலை கிலோ 100 ரூபாயை வெகுவாகத் தாண்டியது. விலை வீழ்ந்தால் உழவர் குடும்பம் வருந்துகிறது. விலை ஏறினால் கூலிக் குடும்பத்தின் தட்டிலிருந்து காய் மறைகிறது.

காய் மறைவதன் விளைவு உடலில் தெரிகிறது. 2019-21-ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஆந்திரப் பிரதேசத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 58.8 சதவிகிதத்தினரும், 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் 63.2 சதவிகிதத்தினரும் இரத்தச் சோகை உடையவர்கள். இதற்குக் காரணங்கள் பல. எனினும், சோறும் களியும் வயிற்றை நிரப்ப, கீரையும் காயும் கனியும் குறைந்துபோன உணவு அவற்றுள் முதன்மையானது. வீட்டின் புழக்கடையில், தெலுங்கில் ‘பெரடு’ என வழங்கும் சிறு நிலத்தில், எளிதில் விளையக்கூடிய காய்கறிகளைப் பயிரிட்டு அன்றன்று பறித்து உண்பது இக்குறையை எந்த அளவுக்கு நீக்கும், எந்த அளவுக்கு நீக்காது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுடையது.

தேவையும் விளைச்சலும்

ஐதராபாத்திலுள்ள தேசிய உணவூட்ட நிறுவனம் 2024-ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாளொன்றுக்கு 2,000 கிலோ கலோரி உணவு கொள்ளும் ஒருவர் கீரை உட்பட 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் உண்ண வேண்டும் என்று கூறுகிறது. நால்வர் கொண்ட குடும்பத்திற்கு இந்த அளவில் நாளொன்றுக்கு 1.6 கிலோ காய்கறி தேவை. ஆண்டுக்கு இது ஏறத்தாழ 580 கிலோ. இவ்வளவையும் ஒரு சிறு புழக்கடை தந்துவிடும் என எதிர்பார்ப்பது பொருந்தாது.

ஆனால் கீரையை மட்டும் எடுத்துக்கொண்டால் கணக்கு மாறுகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய கோ-3 என்னும் தண்டுக்கீரை வகை, விதைத்த 20 நாட்களிலிருந்து திரும்பத் திரும்பக் கிள்ளி எடுக்கத்தக்கது. மூன்று மாதங்களில் பத்து முறை வரை கிள்ளும்போது ஹெக்டேருக்கு ஏறத்தாழ 30 டன், அதாவது சதுர மீட்டருக்கு 3 கிலோ விளைச்சல் தரக்கூடியது. ஆய்வுப் பண்ணையின் விளைச்சலில் பாதியே வீட்டில் கிடைக்கும் எனக் கொள்வோம். அப்போதும் 12 சதுர மீட்டர் பாத்தியிலிருந்து 90 நாட்களில் 18 கிலோ கீரை கிடைக்கும். நாளொன்றுக்கு 200 கிராம் வீதம், ஒருநாள் விட்டு ஒருநாள் நால்வருக்கும் தலா 100 கிராம் கீரை இட இது போதும்.

எனவே வீட்டுத் தோட்டத்தின் நோக்கம் சந்தைக்கு மாற்றாக நிற்பது எனக் கொள்ளலாகாது. சந்தையில் வாங்கத் தயங்குவதும், வாங்கினாலும் வாடிப்போவதுமான கீரைகளையும் இளங்காய்களையும் நாள்தோறும் சிறிதளவு தவறாமல் தருவதே அதன் நோக்கம்.

அன்றே பறித்து அன்றே உண்பது

செடியிலிருந்து பறித்த பின்னரும் இலையும் காயும் சுவாசித்துக்கொண்டே இருக்கின்றன. தம்மிடம் சேர்த்து வைத்த சர்க்கரையைச் செலவிடுகின்றன. நீரை இழந்து வாடுகின்றன. வைட்டமின் ‘சி’ காற்றுடன் கலந்து சிதைகிறது. வெப்பமும் வாட்டமும் மிகுந்தால் இச்சிதைவு விரைவாகிறது. சாக்கு மூட்டையில் கட்டி லாரியில் ஏறி, கோடை வெயிலில் தள்ளுவண்டியில் மதியம் வரை கிடக்கும் கீரை, நிறத்தில் பச்சையாகத் தோன்றினாலும் இந்த வைட்டமினில் பெரும்பகுதியை இழந்திருக்கும். கீரையிலுள்ள ஃபோலிக் அமிலமும் எளிதில் அழியக்கூடியதே. கண்ணுக்கு நலம் தரும் கரோட்டின் சற்று உறுதியானது.

கீரையிலுள்ள இரும்புச் சத்தை உடல் குறைந்த அளவிலேயே ஏற்றுக்கொள்கிறது. அதே வேளையில் வைட்டமின் ‘சி’ உள்ள பொருள் ஒன்றும் உடன் உண்ணப்பட்டால் ஏற்கும் அளவு கூடுகிறது. கீரைப் பருப்பில் எலுமிச்சைச் சாறு பிழிவதும், புதிதாகப் பறித்த தக்காளி, வெள்ளரி, முள்ளங்கி ஆகியவற்றைப் பச்சையாக அரிந்து உடன் வைப்பதும் இதனால் பொருளுடையவை. கீரையை அரிந்த பின் கழுவாமல் கழுவிய பின் அரிவதும், சிறிது நீரில் மூடி வைத்து விரைவாக வேகவைப்பதும், வெந்த நீரைக் கொட்டாமல் குழம்பில் சேர்ப்பதும் தோட்டத்தில் விளைந்த பயனைச் சமையலறையில் இழக்காமல் காக்கும்.

இரு நிலங்கள், இரு மழைகள்

1911-ஆம் ஆண்டு அமைந்த பழைய சித்தூர் மாவட்டம் 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பிரிக்கப்பட்டு, திருப்பதி தனி மாவட்டமாயிற்று. மதனப்பள்ளி, பீலேரு பகுதிகள் அன்னமய்யா மாவட்டத்தில் சேர்க்கப்பட்டன. நிர்வாக எல்லைகள் மாறினாலும், தோட்டம் இடுவோர் அறிய வேண்டிய இயற்கை எல்லை ஒன்று மாறாமல் உள்ளது. மேற்கே பலமனேர், புங்கனூர், குப்பம், மதனப்பள்ளி ஆகியவை கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேற்பட்ட மேட்டு நிலத்தில் உள்ளன. அங்கே கோடையின் கடுமை குறைவு. கிழக்கே திருப்பதி, ஸ்ரீகாளஹஸ்தி, புத்தூர், நகரி ஆகியவை தாழ்ந்த சமவெளியில் உள்ளன. அங்கே ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம்.

வட்டாரத்தின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 900 மில்லிமீட்டர். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் ஏறத்தாழ ஒத்த அளவில் இதில் பங்கு பெறுகின்றன. கிழக்குப் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மழை புயலோடு சேர்ந்து பெருமழையாகவும் வருவதுண்டு. 2021-ஆம் ஆண்டு நவம்பரில் திருப்பதி நகரமே வெள்ளத்தில் மூழ்கியதை இங்கு நினைவுகூரலாம். மண் பெரும்பாலும் செம்மண். நீர் தேங்காது என்பது இதன் நலம். நீரையும் உரத்தையும் நெடுநாள் பிடித்து வைக்காது என்பது இதன் குறை. மட்கிய தொழு உரத்தைச் சதுர மீட்டருக்கு இரண்டரை கிலோ வீதம் ஒவ்வொரு விதைப்பின் முன்னும் இடுவது இக்குறையைப் போக்கும்.

எளிய பயிர்கள்

முதன்முறை தோட்டம் இடுவோர் விரைவில் பயன் தருவனவற்றையும், நோய்க்கு எளிதில் இடங்கொடாதனவற்றையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தண்டுக்கீரை, தெலுங்கில் தோட்டகூர, ஆண்டு முழுவதும் விளையும். 10 சதுர மீட்டருக்கு 2 முதல் 3 கிராம் விதை போதும். விதை மிகச் சிறியதாகையால் நான்கு மடங்கு மணலுடன் கலந்து தூவி, தூளாக்கிய எருவால் மெல்ல மூட வேண்டும். எறும்புகள் விதையை இழுத்துச் செல்லாதிருக்கப் பாத்தியின் ஓரங்களில் அரிசி நொய் தூவுவது நாட்டு வழக்கம். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா சுகுணா வகையும் பலமுறை அறுக்கத் தக்கதே.

கொடிப்பசலை, அதாவது பச்சலிகூர, தண்டை ஒடித்து நட்டாலே வேர்விடும். வேலியில் படர்ந்து ஆண்டுக்கணக்கில் இலை தரும். ஆந்திர மக்கள் விரும்பும் புளிச்சக்கீரை, அதாவது கோங்கூர, வறட்சியைத் தாங்கும். ஆனால் பகற்பொழுது குறையும்போது பூக்கும் இயல்புடையது. ஆனி, ஆடியில் விதைத்தால் இலை மிகும். புரட்டாசிக்குப் பின் விதைத்தால் செடி வளருமுன் பூத்துவிடும். நாட்டு அவரையும் அவ்வாறே. ஆடியில் விதைத்தால் மார்கழி, தையில் காய்க்கும். பகற்பொழுதின் நீளத்தைப் பொருட்படுத்தாத அர்க்கா ஜெய் போன்ற செடி அவரையை எப்பருவத்திலும் விதைக்கலாம்.

வெண்டை 45 நாட்களில் முதற்காய் தரும். இருபது செடிகள் இருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கலாம்; பறிக்கத் தவறினால் காய் முற்றுவதோடு மேற்கொண்டு காய்ப்பதும் குறையும். கொத்தவரையும் காராமணியும் சிறிது நீரில் விளையும். மண்ணுக்குத் தழைச்சத்தையும் சேர்க்கும். கத்தரி ஒருமுறை நட்டால் பல மாதங்கள் காய்க்கும். ஓய்ந்தபின் கவாத்துச் செய்தால் மீண்டும் துளிர்க்கும். மிளகாய் நான்கைந்து செடிகள் ஒரு வீட்டுக்குப் போதும்.

பச்சையாக உண்பதற்குரியவற்றுள் முள்ளங்கி குளிர் மாதங்களில் 45 நாட்களில் விளையும். அதன் இலையும் கீரையாகும். வெள்ளரி 50 நாட்களுக்குள் பறிப்புக்கு வரும். கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும். கோடையில் அது விரைவில் பூத்துவிடும். தக்காளி, சமவெளியில் ஐப்பசி முதல் மாசி வரையே நன்கு காய்க்கும். வெப்பம் மிகுந்தால் பூ உதிர்ந்துவிடுவதே காரணம். மேட்டு நிலத்தில் இத்தடை குறைவு. மதனப்பள்ளி தக்காளிக்குப் பெயர் பெற்றதன் இரகசியங்களுள் இதுவும் ஒன்று.

ஆறு மீட்டர் சதுரத்தில் ஒரு தோட்டம்

தைவானில் 1971-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஆசியக் காய்கறி ஆராய்ச்சி மையம், இந்நாளில் உலகக் காய்கறி மையம், இந்தியக் குடும்பங்களுக்கு ஆறு மீட்டர் நீளமும் ஆறு மீட்டர் அகலமும் கொண்ட தோட்ட அமைப்பைப் பரிந்துரைத்துள்ளது. அந்த அளவை இவ்வட்டாரத்திற்கு ஏற்பப் பின்வருமாறு பகுக்கலாம்.

ஒரு மீட்டர் அகலமும் ஆறு மீட்டர் நீளமும் உடைய நான்கு மேட்டுப் பாத்திகளும், அவற்றிடையே 40 சென்டிமீட்டர் அகலமுள்ள மூன்று நடைபாதைகளும் அமைத்தால், 80 சென்டிமீட்டர் அகலமுள்ள ஓர் ஓரப் பட்டை எஞ்சும். பாத்தியின் அகலம் ஒரு மீட்டராக இருப்பதால் இருபுறமும் நின்று கை எட்டிக் களை பறிக்கலாம்; பாத்திக்குள் கால் வைத்து மண்ணை இறுக்க வேண்டியதில்லை. இரண்டு பாத்திகள் கீரைக்கு உரியவை. பதினைந்து நாள் இடைவெளி விட்டுப் பகுதி பகுதியாக விதைத்தால் கீரை ஒரே வாரத்தில் குவியாமல் தொடர்ந்து கிடைக்கும். மூன்றாம் பாத்தியில் வெண்டை, கத்தரி, தக்காளி, மிளகாய். நான்காம் பாத்தியில் காராமணி, கொத்தவரை, வெள்ளரி, முள்ளங்கி. கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றை அடுத்தடுத்து ஒரே பாத்தியில் நட்டால் வாடல் நோய் மண்ணில் நிலைத்துவிடும். எனவே மூன்றாம், நான்காம் பாத்திகளின் பயிர்களைப் பருவந்தோறும் இடம் மாற்ற வேண்டும்.

ஓரப் பட்டை வடபுறத்தில் அமைவது நன்று. அப்போது அங்குள்ள பந்தலின் நிழல் பாத்திகளின்மேல் விழாது. பீர்க்கு, புடலை, பாகல், சுரை ஆகியவற்றுள் பருவத்திற்கு இரண்டு போதும். 1989-ஆம் ஆண்டு பெரியகுளத்தில் வெளியிடப்பட்ட பி.கே.எம்.-1 செடிமுருங்கை ஒன்றும் கறிவேப்பிலை ஒன்றும் அங்கேயே நிற்கலாம். ஆடு, கோழியும், திருப்பதி மலையடிவார ஊர்களில் குரங்கும் தோட்டத்தை ஒரு பொழுதில் அழித்துவிடும். ஆகவே விதைக்கு முன் வேலியைப் பற்றி எண்ணுவது அறிவுடைமை.

பூச்சிகளைக் கட்டுப்படுத்தக் கடைப் பூச்சிமருந்தை நாடாதிருப்பதே நலம். நாள்தோறும் பறிக்கும் தோட்டத்தில், மருந்து தெளித்தபின் காத்திருக்க வேண்டிய இடைவெளியைக் கடைப்பிடிப்பது இயலாது. 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்பு நீர் கலந்து மாலையில் தெளித்தால் அசுவினியும் வெள்ளை ஈயும் குறையும். மஞ்சள் நரம்பு நோய் கண்ட வெண்டைச் செடியைப் பிடுங்கி அகற்றுவதே வழி.

நீரே அடிப்படை

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் நிற்க ஒரு லிட்டர் வேண்டும். கோடையில் பயிர் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் செலவிடும் எனக் கொண்டால், மேற்சொன்ன தோட்டத்தின் 29 சதுர மீட்டர் பயிர்ப் பரப்பிற்கு ஏறத்தாழ 145 லிட்டர் தேவை. 2019-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். நால்வருக்கு 220 லிட்டர். கோடையில் முழுத் தோட்டத்தையும் குழாய் நீரால் காப்பது, வீட்டுக்குரிய நீரில் மூன்றில் இரு பங்கைச் செடிக்கு ஊற்றுவதாகும். அந்நீரைக் குடம் குடமாகச் சுமப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணே. பல தோட்டங்கள் மாசியில் செழித்துச் சித்திரையில் காய்வதன் காரணம் இக்கணக்கிலேயே உள்ளது.

இதற்கு வழிகள் மூன்று. முதலாவது, கோடையில் தோட்டத்தைச் சுருக்குதல். ஒரு கீரைப் பாத்தியையும் ஓரக் கொடிகளையும் மட்டும் வைத்துக்கொண்டால் 50, 60 லிட்டர் போதும். இரண்டாவது, நிலக்கடலைத் தோல், காய்ந்த சருகு, வைக்கோல் ஆகியவற்றால் மண்ணை மூடி ஈரம் காத்தல். மூன்றாவது, குளித்த நீரையும் பாத்திரம் கழுவிய நீரையும் பயன்படுத்துதல். இதில் எச்சரிக்கை தேவை. அந்நீரை முருங்கை, வாழை, பந்தற்கொடி ஆகியவற்றின் வேரடிக்கு விடலாம். பச்சையாக உண்ணும் கொத்தமல்லி, முள்ளங்கி, வெள்ளரி ஆகியவற்றிற்கு விடலாகாது. பச்சைச் சாணத்தை அப்பாத்திகளில் இடுவதும் தீது. நலம் நாடி உண்ணும் பச்சைக் காயே வயிற்றுப்போக்கைக் கொண்டு வருமாயின், குழந்தைக்கு அதனால் ஏற்படும் இழப்பு தோட்டத்தின் பயனை விடப் பெரிதாகும்.

புழக்கடை இல்லாத நகரவாசிகளுக்கு மாடி உண்டு. கீரைக்கு 15 சென்டிமீட்டர் ஆழமும், தக்காளி, கத்தரிக்கு 30 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள தொட்டி தேவை. ஒரு கன அடி ஈரமண் 45 கிலோவுக்குக் குறையாது. எனவே தென்னை நார்க் கழிவு கலந்து எடையைக் குறைப்பதும், தொட்டிகளைச் சுவரோரமாக வைப்பதும் கட்டடத்திற்குப் பாதுகாப்பு.

முந்தைய திட்டங்கள் தரும் பாடம்

வீட்டுத் தோட்டம் அரசுக்குப் புதிய கருத்து அன்று. 1960-களில் யூனிசெஃப், உணவு வேளாண்மை நிறுவனம், உலகச் சுகாதார நிறுவனம் ஆகியவற்றின் துணையுடன் நடைபெற்ற பயன்முறை உணவூட்டத் திட்டம், ஊர்த் தோட்டங்களையும் பள்ளித் தோட்டங்களையும் அமைத்தது. அது எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. தகுந்த நிலமின்மை, பாசன வசதியின்மை, போதிய நிதியின்மை ஆகியவையும், விளைந்ததை உண்ண வேண்டும் என்னும் உணர்வை மக்களிடம் வளர்க்கத் தவறியதும் காரணங்களாக மதிப்பீடுகளில் கூறப்பட்டன. 2018-ஆம் ஆண்டு தொடங்கிய போஷண் இயக்கத்தின் கீழ் அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் ஊட்டச்சத்துத் தோட்டங்கள் ஊக்குவிக்கப்படுகின்றன. பழைய தவறு மீளாதிருக்க, தோட்டங்களின் எண்ணிக்கையோடு, கோடையிலும் உயிரோடிருக்கும் தோட்டங்கள் எத்தனை என்பதையும் அலுவலர்கள் கணக்கிட வேண்டும்.

வங்காள தேசத்தில் 1990-களில் ஹெலன் கெல்லர் நிறுவனம் விரிவாக்கிய தோட்டத் திட்டமும் இதையே காட்டியது. ஒரு பருவத்தில் மட்டும் விளையும் தோட்டங்களைவிட, ஆண்டு முழுவதும் பல வகைகள் விளையும் தோட்டங்களுடைய குடும்பங்களே கூடுதலாகக் காய்கறி உண்டன.

இதில் விதைக்குப் பெரும் பங்கு உண்டு. இலவசப் பொட்டலத்தில் வரும் வீரிய ஒட்டு விதை நன்கு காய்த்தாலும், அதிலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடியின் குணங்களை அப்படியே தராது. அடுத்த பொட்டலம் வராத ஆண்டில் தோட்டம் நின்றுபோகும். தண்டுக்கீரை, அவரை, காராமணி, வெண்டை, புளிச்சக்கீரை ஆகியவற்றின் பொறுக்கு வகைகளைக் கொடுத்து, நலமான இரண்டு செடிகளை விதைக்கென விட்டு, நன்கு உலர்த்திச் சாம்பலில் கலந்து வைக்கும் பழக்கத்தைக் கற்பித்தால், மறு ஆண்டு விதை வீட்டிலேயே இருக்கும். 1961-ஆம் ஆண்டு தொடங்கிய திருப்பதி ஸ்ரீ வெங்கடேசுவரா வேளாண்மைக் கல்லூரியும், திருப்பதியிலும் கலிகிரியிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களும் இவ்வட்டாரத்தில் இதற்கு வழிகாட்ட வல்லவை.

ஒரு சிறு தோட்டம் இரத்தச் சோகையைத் தனியே ஒழித்துவிடாது. இரும்புச் சத்து மாத்திரை, குடற்புழு நீக்கம், பருப்பு, பால், முட்டை ஆகியவற்றின் இடத்தை அது பெறவும் இயலாது. ஆயினும், சந்தை விலை எவ்வாறிருப்பினும் நாள் தவறாமல் ஒரு பிடி கீரை அடுப்பேறும் வீட்டில், குழந்தை அதன் சுவைக்குப் பழகுகிறது. கீரையை உணவின் ஒரு பகுதியாகக் கொண்டு வளர்கிறது. பன்னிரண்டு சதுர மீட்டர் நிலமும், கோடையில் இரண்டு மூன்று குடம் நீரும், ஒரு கைப்பிடி விதையும் இதற்குரிய முதல். வரும் ஆடியில் அந்த முதலை இடும் குடும்பம், ஆவணி பிறக்குமுன் தன் முதற்கீரையைக் கிள்ளும்.